ரோஸ் மூக்குக் கடுவன்

யோகேஷ் எழுந்து பால் காய்ச்சினான். தரையில் சொட்டியிருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்தான். வெள்ளச்சி பருவத்துக்கு வந்ததிலிருந்து இதுவும் காலை வேலைகளில் ஒன்று. தயிர்ச்சோற்றில் முட்டையைப் பிசைந்து அதற்கு வைத்தான். மிச்சச் சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டான். கேட்டுக்கு வெளியே மொய்த்த தெருநாய்களை விரட்டினான்.

வெள்ளச்சி அவன் மனைவி தமிழ்மதியுடைய நாய். ராஜபாளையத்துக் குட்டியை ஆசையாக வாங்கி வந்தவள் அவள்தான். சித்திரையில் அவள் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் மிஞ்சியது அவனும் அதுவும்.

அன்றைக்குக் கிளெமென்ட் வந்து நின்றார். கொடைரோட்டில் நாய் வளர்த்து விற்கிறவர். கையில் பிடித்த சங்கிலியில் வெள்ளைவெளேரென்று ஒரு கடுவன் நாய். அவள் சாவுக்குத் துஷ்டி கேட்க எட்டிப் பார்க்காத மனுசன் வாய் நிறைய மாப்ள என்றார். அடுத்த பருவத்தில் வெள்ளச்சியைத் தன் ராஜாவோடுதான் சேர்ப்பதென்று போன தீபாவளிக்கே தமிழ்மதி வாக்குக் கொடுத்துவிட்டாளாம்.

இவனிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செத்தவள் பேரில் யாரும் எதையும் சொல்லலாம். ஆனால் நிஜமாகவே சொல்லியிருந்தால்? அவள் வாக்கைத் தள்ள அவனுக்கு மனம் வராது.

வெள்ளச்சி பருவத்தில் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டான். நேற்று இந்த வழியாக வந்தாராம்.

"ஊர் நாய் அம்புட்டும் உங்க வாசல்லதான மாப்ள கெடக்கு."

அது சரிதான். எதற்கும் ரெண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்றான்.

"மூக்கைப் பாருங்க, ரோஸ் மூக்கு, அசல் ராஜபாளையம். இதுக்கு மேல டாக்டர் என்னத்தப் பாக்கப் போறாரு?"

பேசும்போதே கிளெமென்ட் காலால் தரை அதிர உதைத்தார். ராஜா திரும்பிப் பார்த்து வந்து படுத்தது. வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது யோகேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய், தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினான். வெள்ளச்சி துள்ளி எழுந்தது. கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் சிதறி ஓடின. ராஜா முதுகைக் காட்டியபடி படுத்தே கிடந்தது.

"இதுக்குக் காது கேக்கலை."

கிளெமென்ட் சங்கிலியைக் கையில் சுற்றினார்.

"வெள்ளையில ஒண்ணு ரெண்டு அப்பிடித்தான் பொறக்கும். விக்கையில காதை யாரு பாக்குறா?"

"தமிழ்மதி பாத்துருப்பா."

"தங்கச்சி சொல்லுக்கு இம்புட்டுத்தான் மரியாதையா?"

சொன்னாளா இல்லையா, தெரியாது. இனித் தெரியப் போவதுமில்லை. சொல்லியே இருந்தாலும், காது விஷயத்தை இவர் அவளிடம் மறைத்துத்தான் இருப்பார். வேண்டாம், கிளம்புங்கள் என்றான். அவர் முணுமுணுத்துக்கொண்டே தரையை உதைத்தார். ராஜா எழுந்து பின்னால் போனது.

யோகேஷ் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினான். தமிழ்மதி கடைசியாகப் பேசியது ஆம்புலன்சில் ஏற்றும்போது. மூச்சு இழுக்க, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கேட்டைச் சாத்திட்டு வாங்க. வெள்ளச்சி வெளிய போயிரும்."