உப்பு ஏரி நாட்டுக்காரி

நான் பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தொலைபேசியிலேயே சத்தம் கேட்டது.

"உனக்கு எதுக்குடி இந்த வயசுல பிரெஞ்சு? உன் கண்ணாடிக் கடைக்கு வர்றவங்கல்லாம் கண்ணு தெரியலைன்னு பிரெஞ்சுலயா சொல்றாங்க?"

"பொழுது போக வேணாமா?"

"டிவி வாங்கு."

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. அம்மா போனபிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்கு, எப்போது தெரியவரும் என்று யோசித்துப் பார்த்தேன். கடையில் லீவு போட்டுவிட்டேன் என்று நினைப்பார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். எதிர் வீட்டில் இருப்பது யாரென்றே எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் சமையல் நிகழ்ச்சி அலறுவது மட்டும் கேட்கும். நானோ, யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று என் ரேடியோவைக்கூடக் காதோடு பேசுகிற அளவில் வைத்திருப்பவள். ஆக, நான் வராவிட்டால் 'ஏன் வரல?' என்று கேட்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பு விளம்பரத்தில் 'வருகை கட்டாயம்' என்று போட்டிருந்தார்கள். பிரெஞ்சு இருந்த இடத்தில் தையல் இருந்திருந்தாலும் சேர்ந்திருப்பேன்.

பிரெஞ்சு என்றால் பாரிஸும் அந்த இரும்புக் கோபுரமும்தான் என்று நினைத்து வந்தவர்கள் முதல் நாளே மூக்குடைபட்டோம். பேராசிரியை உலக வரைபடத்தை மாட்டி, ஆப்பிரிக்காவின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இந்த மொழியைப் பேசுறவங்கள்ல பாதிக்கு மேல இங்கதான் இருக்காங்க. பாரிஸ் எங்கயும் ஓடிப்போயிடாது, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பிறகு சுவர் நீளத்துக்கு ஒரு தாளை ஒட்டி, அதில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றை வரைந்தார். பிரெஞ்சு சொல்லித்தருகிறவர்கள் மத்தியில் இது பழைய முறையாம். வகுப்பில் உள்ளவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். ஆளுக்கொரு பிரெஞ்சு பேசும் நாடு, சீட்டுக் குலுக்கித் தரப்படும். அந்த நாட்டின் ஆறு, மழை, வீடு, பாட்டு எல்லாவற்றையும் படித்து, அங்கிருந்து வந்தவராகவே கடைசி வரை அந்தக் கட்டடத்தில் வாழ வேண்டும். பெஞ்சைத் தட்டினால் கதவைத் தட்டியதாகக் கணக்கு. ஒருவரிடம் இரவல் வாங்கினால் அடுத்த வகுப்புக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் பிரெஞ்சில் நன்றி சொல்லி. இல்லாவிட்டால் மதிப்பெண் போச்சு.

எனக்கு ஜிபூத்தி வந்தது. ஏதோ தைலத்தின் பெயர் போலிருந்தது. வரைபடத்தில் தேடிப் பிடித்தேன். செங்கடலின் வாசலில், நகக்கண் அளவு நாடு. கடல் மட்டத்துக்கு வெகு கீழே அங்கே ஓர் ஏரி. கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. மறுவகுப்புக்கு நான் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உப்பு கட்டிக்கொண்டு போனேன்.

அவ்வளவுதான், என் பெஞ்சுக்கு ஓய்வே இல்லை. கனடாவான வருமான வரி அதிகாரி தட்டுவார். லெபனானான பல் மருத்துவர் தட்டுவார். "போன்ஜூர், கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்று தப்பும் தவறுமாகக் கேட்பார்கள். நானும் தப்பும் தவறுமாகக் கொடுப்பேன். 'உப்புக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வாரத்தில் மூன்று மாலை என் கதவை யாராவது தட்டினார்கள். எனக்கு நேர் எதிர் வீடு பெல்ஜியம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். ஷிப்ட் மாறி மாறி வருவதால் பாதி நாள் வரமாட்டாள்.

பருவம் முடியும்போதுதான் பேராசிரியை அந்தக் குண்டைப் போட்டார். கட்டடத்தில் ஒருவர் இறக்க வேண்டும். இறந்தவரைப் பற்றி மற்றவர்கள் கடந்த காலத்தில் பேச வேண்டும், அதுதான் வாய்மொழித் தேர்வு. சீட்டு குலுக்கினார். நான்.

"கவலைப்படாதீங்க, நல்ல சாவு. கஷ்டப்படாமப் போயிட்டீங்க" என்று வரி அதிகாரி ஆறுதல் சொன்னார்.

"அப்ப எனக்கு மார்க்கு?" என்றேன்.

"நீங்க வரைபடத் தேர்வு எழுதினாப் போதும்" என்றார் பேராசிரியை. "ஆனா கடைசி பெஞ்சுல உக்காந்து வாயைத் திறக்கக் கூடாது. செத்தவங்க பேச மாட்டாங்க."

தேர்வன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கனடா எழுந்தது. தன் நாய்க்குக் காய்ச்சல் வந்தபோது உப்புக்காரி விடிய விடியப் பக்கத்தில் இருந்தாள் என்றது. நாயும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. லெபனான், மாடிப்படியில் அவள் பாடிக்கொண்டே ஏறுவாள் என்றது. என் பாட்டைக் கேட்டால் காக்கா பறந்துவிடும். எல்லாம் மதிப்பெண்ணுக்காக அவிழ்த்துவிட்ட பொய். ஆனாலும் இத்தனை பேர் என்னைப் பற்றி நல்லதாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியாக பெல்ஜியம். அவள் தயங்கித் தயங்கி, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள். "அவள் எதிர் வீட்டில் இருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. அவளுடைய ரேடியோ கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை. வெளியூர் போயிருப்பாள் என்று நினைத்தேன்."

உட்கார்ந்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருக்கு இடது கண்ணில் பவர் மாறியிருக்கிறது, சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எதையாவது நினைக்காவிட்டால் அழுதிருப்பேன்.

வெளியே பெல்ஜியம்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. பாதி கிளாஸுக்கு நான் வரவே இல்ல. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க" என்றேன். அவளுடைய பஸ் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியே பேராசிரியை எங்கள் கட்டடத்தைச் சுவரிலிருந்து பிய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அடுத்த பருவத்துக்கு வேறு ஆட்கள், வேறு கட்டடம்.

வீட்டுக்கு வந்து பூட்டில் சாவியைப் போட்டபோதுதான் உறைத்தது. எதிர் வீட்டில் சத்தமே இல்லை. சமையல் நிகழ்ச்சி இல்லை. எப்போதிலிருந்து இல்லை? நேற்று இருந்ததா? எனக்குத் தெரியவில்லை.

போய்த் தட்டினேன். இன்னொரு முறை, பலமாகத் தட்டினேன்.

கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. கழுத்தில் துண்டு, மூக்கு சிவந்து, குரல் கட்டியிருந்தது.

"என்னங்க?"

சாகாமல் இருக்கிறீர்களா என்று பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாயில் தயாராக இருந்தது ஒன்றுதான். "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

"நீங்க எந்த மாடி?"

"எதிர் வீடுங்க."

அந்தம்மா என் தோளுக்கு மேல் எட்டி என் கதவைப் பார்த்தாள். "இதுவா? இது காலியா இல்ல கிடக்கு? ஓனர் பூட்டிப் போட்டிருக்காருன்னுல்ல நினைச்சேன்."

"ஆறு வருஷமா இருக்கேங்க."

"ஐயையோ" என்றாள். உள்ளே போய் ஒரு பீங்கான் கிண்ணத்தில் உப்பு கொண்டு வந்தாள். "டிவி ரிப்பேரு, எனக்கும் ரிப்பேரு" என்று இருமினாள். "கிண்ணம் செட்டுல உள்ளது, மறந்துடாதீங்க."

"அடுத்த வகுப்புக்குள்ள குடுத்துடறேன்" என்றேன்.

அந்தம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

என் சமையலறையில் பொட்டலம் கட்டி மிஞ்சிய உப்பு டப்பா நிறைய இருந்தது. கிண்ணத்தை அப்படியே மேசைமேல் வைத்தேன். பிறகு ரேடியோவைப் போட்டு, எதிர் வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினேன்.