கூரை தொடாத சுவர்கள்

சிம்பாங் அம்பாட் ஊரின் பெரிய சாலையோரம் இருந்த அந்த மரவீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தன. ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்னால் ஒரு ரப்பர் வியாபாரி தன் ஒரு குடும்பத்துக்காகக் கட்டியது. அப்போது மாடி முழுக்க ஒரே கூடமாம். அவருடைய மக்கள் சிங்கப்பூர் போனதும் கூடத்தை மெரந்திப் பலகையால் மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். கீழேயும் அப்படியே. காற்று போக வேண்டுமே என்று தடுப்புகளைக் கூரைவரை ஏற்றவில்லை. மாடியின் தரைதான் கீழ்வீட்டுக்குக் கூரை. அதிலும் பலகைக்குப் பலகை இடுக்கு. காற்று தாராளமாகப் போனது. கூடவே பேச்சும் போனது.

அதனால் அந்த வீட்டில் ஒரு மரியாதை உண்டு. ஒரு குடும்பத்தில் சண்டையோ அழுகையோ கிளம்பினால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள். கீழ்வீட்டு ஜூலியஸ் ரேடியோவைத் திருகுவார். அவர் மனைவி அருளம்மாள், துணி இருக்கிறதோ இல்லையோ, தையல் மிஷினை மிதிப்பாள். மாடியில் பக்கத்து அறை குஞ்சம்மா கல்லுரலில் மிளகாய்ச் சம்பல் இடிப்பாள். எங்கள் காதில் ஒன்றும் விழவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

மாடியில் குடியிருந்த உஷாராணியைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த மரியாதை காணாமல் போயிற்று.

புக்கிட் காத்திலிலிருந்து மாப்பிள்ளை திருச்செல்வம் தன் அம்மாவோடும் அத்தையோடும் வந்திருந்தான். உஷாராணிக்குச் செங் ஊரில் இருந்த கையுறைத் தொழிற்சாலையில் வேலை. சோதனைக்கூடத்தில் கையுறைக்குள் தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்ப்பாள். பகலெல்லாம் ஓட்டை தேடிவிட்டு ஓட்டைக்குள் வந்து படுக்கிறோம் என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள். அந்த வேலையை விடும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் அம்மா பாக்கியலட்சுமி, கல்யாணம் ஆனதும் பெண் வேலையை விட்டுவிடுவாள் என்று புரோக்கரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்குள் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"பொண்ணு நல்லா சமைக்குமா?" என்றாள் அத்தை.

"வீட்டுல எல்லாம் அவதான்," என்றாள் பாக்கியலட்சுமி.

தரைக்கு அடியில் ஒரு சிரிப்பு, பாதியில் தும்மலாக மாறியது. அத்தை தன் காலடியைப் பார்த்தாள்.

"பூனை," என்றாள் பாக்கியலட்சுமி.

"இந்த வீட்டுல ஏது பூனை?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து குஞ்சம்மா தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் திருச்செல்வம், "அவங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசலாங்களா?" என்றான்.

உஷாராணி வீட்டார் பங்கு அறையை இன்னொரு பலகை இரண்டாக்கியிருந்தது. இருவரும் அதற்குப் பின்னால் போய் நின்றார்கள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கீழே ஒரு நாற்காலி மெல்ல நகர்ந்து, அவர்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே வந்து நின்றது.

"ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கிசுகிசுத்தான் அவன்.

"கேக்குறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

அவன் தலைக்கு மேல் இருந்த இடைவெளியைப் பார்த்தான். "எங்க வீடு கல்லு வீடுங்க," என்றான், ஆறுதல் சொல்வதுபோல.

உஷாராணி குதிகாலால் தரையைத் தட்டினாள். கீழே ரேடியோ ஊமையாக இருந்தது. பக்கத்துப் பலகையைத் தட்டினாள். குஞ்சம்மா அசையவில்லை. ஆளுக்கு இரண்டு காது, இரண்டையும் தீட்டி வைத்திருந்தார்கள்.

பஸ்ஸில் நிறுத்தம் வந்தால்கூடக் குரல் எழுப்ப வெட்கப்படுகிறவள், இப்போது கூரையைப் பார்த்துப் பேசினாள்.

"அருளம்மா ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் மோட்டர் சைக்கிள் வாங்குற விஷயமா பேசிக்கிட்டப்ப நான் எவ்வளவு மிளகா இடிச்சேன்? இன்னும் கண்ணு எரியுது. குஞ்சம்மா அக்கா, உங்க மாமியா வந்திருந்தப்ப கழுவுன பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுனேன்."

கீழே நாற்காலி பழைய இடத்துக்கு நகர்ந்தது. பிறகு கீழிருந்து ஜூலியஸின் குரல் வந்தது. "நியாயந்தான்லா."

ரேடியோவில் மலாய்ச் செய்தி அலறியது. தையல் மிஷின் ஓடியது. உலக்கை விழுந்தது. கடன் தீர்க்கிற வேகத்தில் எல்லாரும் அடித்ததில், பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேலைய விடமாட்டேன்," என்றாள் உஷாராணி.

"என்னங்க?"

திரும்பச் சொன்னாள். அவன் தலையை ஆட்டி, காதைக் காட்டினான். வேறு வழியில்லாமல் அருகே போய், அவன் காதுக்குள் சொன்னாள்.

அவன் யோசித்தான். பிறகு அவள் காதருகே குனிந்து, "எங்க வீட்டுலேர்ந்து செங்குக்கு எப்படிப் போவீங்க? பஸ்ஸுக்கு நிக்கணுமே," என்றான்.

"மோட்டர் ஓட்டுவேன். லைசென்ஸ் இருக்கு."

"அப்ப சரி."

அவர்கள் வெளியே வந்ததும் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. உஷாராணி நின்றபடியே, "அம்மா, நான் வேலைய விடல," என்றாள். பாக்கியலட்சுமியின் முகத்தில் ஈயாடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "யாரு விடச் சொன்னா? விடப்போறாங்கன்னு புரோக்கர் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. நல்ல வேலைய ஏன் விடுது, பொண்ணுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையோன்னு. அதைக் கேட்டுட்டு வாடான்னுதான் இவன அனுப்புனேன். கேட்டியாடா?"

"இல்லம்மா. அந்தச் சத்தத்துல அதைக் கேக்க முடியல."

"உடம்புக்கு ஒரு கேடும் இல்ல," என்றது தரை. அருளம்மாளின் குரல். "ராத்திரி ஒரு இருமல் கேட்டதில்ல நாங்க."

மாப்பிள்ளையின் அம்மா இடுக்கை நோக்கிக் குனிந்தாள். "ரொம்ப நாளா கீழ இருக்கீங்களா?"

"இவங்க ரப்பர் எஸ்டேட்ட விட்டு இங்க குடிவந்த நாள்லேர்ந்து."

"அப்ப மேல வாங்க. நான் விசாரிக்க வேண்டியது உங்ககிட்டதான்."

மரப்படியில் காலடிகள் ஏறத் தொடங்கின. அழைக்காமலே குஞ்சம்மாவின் கதவும் திறந்தது. பாக்கியலட்சுமி தேநீருக்கு இன்னும் தண்ணீர் வைக்க ஓடினாள். திருச்செல்வம் எழுந்து, வருகிறவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.