பீரங்கிக்குப் போர்த்திய பொன்னாடை

மரபு விழா என்று ஊரெல்லாம் பேனர் கட்டியவர்கள், பீரங்கியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்தைச் செருகி வைத்திருந்தார்கள். செந்தாமரை நேரே அதனிடம் போனாள். வெண்ணாற்றங்கரைக் கோட்டைமேட்டில் பல தலைமுறையாக மழையில் கிடந்த இரும்பு அது. பழம்பொருள் பாதுகாப்பு படித்துவிட்டு வேலைக்கு வந்த அவள்தான் துருவைச் சுரண்டி, மெழுகு பூசி, அதை ஒரு வழியாகத் தேற்றியிருந்தாள். வாய்ப்பக்கத்து வளையத்தருகே மயிரிழை போல ஒரு விரிசல் மட்டும் மிச்சம். அது நீளாமல் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

ரோஜாவைப் பிடுங்கி எறிந்தபோது உள்ளே சணலில் சுற்றிய உருண்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதிர்வேட்டு. சாமி புறப்பாட்டுக்குப் போடுகிற அதே வெடி.

"யாருங்க இதை உள்ள வச்சது?"

விழாக்குழுத் தலைவர் மதிவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சிறப்பு விருந்தினர் மேடையேறுறப்ப ஒரு சத்தம் வேணாமாம்மா? பீரங்கின்னு பேர வச்சுக்கிட்டு சும்மா கெடந்தா நல்லாவா இருக்கு?"

"விரிசல் இருக்குங்க. பொளந்துரும்."

"சரிம்மா, போடல. குடுங்க." வெடியை வாங்கிக்கொண்டார். "நீங்க மேடைக்குப் போங்க. ஒங்களுக்கும் பொன்னாடை இருக்கு."

அந்தச் 'சரிம்மா'வை அவள் நம்பித் தொலைத்தாள். தோளில் பொன்னாடை விழுந்த அதே நேரம் மேடை அதிர்ந்தது. புகைக்குள்ளிருந்து கைதட்டல் கிளம்பியது. மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். மயிரிழையாக இருந்த இடத்தில் இப்போது விரலே நுழைந்தது.

"என்னா இரும்பு பாத்தீங்களா! நம்ம முன்னோர் செஞ்சது," என்றார் விருந்தினர் மைக்கில். "இன்னொண்ணு போடுங்கப்பா."

வெடிக்காரர் அடுத்ததை எடுத்தார். செந்தாமரைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தூ, இவர்களும் இவர்கள் மரபும். தோளில் கிடந்த பொன்னாடையை உருவிச் சுருட்டி, பீரங்கியின் வாய்க்குள் திணித்தாள். நுனி மட்டும் வெளியே தொங்கியது.

விருந்தினர் மைக்கில் உருகினார். "தனக்குப் போட்ட பொன்னாடையப் பீரங்கிக்கே போட்டுட்டாங்க பாருங்க. இதுல்ல பற்று."

மறுபடி கைதட்டல். அவரே இறங்கி வந்து தன் பொன்னாடையைப் பீரங்கியின் மேல் போர்த்தினார். பின்னாலேயே மதிவாணன். அப்புறம் குழு உறுப்பினர்கள், ஆளுக்கொரு போட்டோவுடன்.

"விரிசல் பெருசாயிருச்சுங்க," என்றாள் செந்தாமரை. யார் காதிலும் ஏறவில்லை. விரிசல் இருந்த இடம் சரிகைக்கு அடியில் போய்விட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்," என்றார் போட்டோக்காரர். "பீரங்கி மறையுது."

அவள் தள்ளி நின்றாள்.