விளக்கைப் பார்க்கக் கூடாதவள்

சீனாவில் சாந்தோங் பக்கத்தில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் வருஷக் கடைசி இரவில் பிறந்த வீட்டு விளக்கைப் பார்த்தால் அந்த வீடு நொடித்துப்போகும். புருஷன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, புது வருஷத்தின் இரண்டாம் நாள்தான் அவள் வரவேண்டும். புருஷனே இல்லையென்றால் எங்கே சாப்பிடுவாள் என்று வழக்கம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. அவர்களுக்கு யாராவது பரிமாறியிருப்பார்கள்.

குய் யுன்னுக்கு அந்த இலையுதிர்காலத்தில்தான் விவாகரத்து ஆகியிருந்தது. குடும்பங்கள் எல்லாம் கூடிச் சாப்பிடும் இரவில் தனியாகச் சாப்பிட அவளால் முடியாது. காலையிலேயே தாய் வீட்டுக்கு வந்து, மீன் பொரித்து, கொழுக்கட்டை பிடித்து வைத்தாள். அவள் சமைப்பதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும்தான் தம்பி லெய்க்குத் தன் டைல்ஸ் கடை ஞாபகம் வந்தது.

"அக்கா, நான் இதையெல்லாம் நம்புற ஆளா? ஆனா கடைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஹைவே ஓரத்துல நல்ல ஓட்டலாப் பார்த்து ரூம் போட்டுத் தரேன்."

"ரூமோட கூடப்பிறந்தவங்களையும் சேர்த்துத் தருவாங்களாடா?"

யாரையும் பகைத்துக்கொள்ளாமலே கிழவியாகிவிட்டவள் அம்மா. "விளக்கைத்தானே பார்க்கக் கூடாது? அணைச்சுடுங்க," என்றாள்.

லெய்க்கு அது மகா யோசனையாகப் பட்டது. வாசல் சிவப்பு லாந்தரிலிருந்து குளியலறை பல்பு வரை அணைத்தான். தெருவே விடிய விடிய விளக்கெரிக்கும் இரவில், அவர்கள் மட்டும் கும்மிருட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். லெய்யின் மனைவி வினிகர்க் கிண்ணத்துக்குள் கையை விட்டாள். லெய் தொண்டையில் முள்ளோடு இருமினான். யுன்னுக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. வெளியே பக்கத்து வீட்டு தெங் அம்மாள், ஊர் வம்புக்கெல்லாம் மொத்த வியாபாரி.

"லெய், கடை முழுகிப்போச்சாமே? கரண்டைப் புடுங்கிட்டாங்கன்னு தெருவே பேசுது."

கடை முழுகினால்கூட லெய் தாங்குவான், முழுகிவிட்டதாகப் பேசினால் தாங்கமாட்டான். "லைட்டைப் போட்டே ஆகணும்மா," என்று கிசுகிசுத்தான். அம்மா கைத்துண்டைத் தேடி எடுத்து மகளின் கண்ணைக் கட்டினாள்.

"கொஞ்ச நேரந்தாண்டி. கோவிச்சுக்காதே."

தம்பி கட்டியிருந்தால் யுன் சிரித்திருப்பாள். அம்மாவே முடிச்சுப் போட்டது நெஞ்சைச் சுட்டது.

விளக்குகள் எரிந்ததும் தெங் அம்மாள் உள்ளே வந்தாள். "உங்க அக்கா கண்ணுக்கு என்னடா?"

"கண் வலி, பெரியம்மா."

"வலியெல்லாம் இல்ல," என்றாள் யுன், துண்டை அவிழ்க்காமலே. "எனக்கு விவாகரத்து ஆயிடுச்சு. இந்த வீட்டு விளக்கை நான் பார்த்தா தம்பி கடை நொடிச்சிடுமாம்."

தெங் அம்மாளுக்குப் பாதி இரக்கம். மீதிப் பாதி, ஒரு வருஷத்துக்குத் தாங்கும் வம்பு. "என் வீட்டு விளக்கைப் பார்த்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல? வா, சாப்பிட."

கண்கட்டோடு அவளைக் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனாள். பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லெய் செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

"வந்துடுக்கா. தெரு பூரா பாக்குது. கடை போனாப் போகட்டும்."

யுன் துண்டை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"அதெப்படி? கட்டிக்கொடுத்த பொண்ணு ரெண்டாம் நாள்தானே வரணும். வர்றேன். அன்னைக்கு நான் விருந்தாளி, நீ சமைச்சு வை."

தெங் அம்மாள் வீட்டில் அதற்குள் நாற்காலிகளை நகர்த்தி அவளுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.