டால்பின் சுவர்

தர்மன் தன் அறுபத்தைந்து வயதில் கடலை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அதுவும் திருச்செந்தூர்க் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டே பார்த்தது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் குளியலறையில் இப்போது தரையிலிருந்து கூரை வரை நீலக்கடல். நடுவில் இரண்டு டால்பின்கள் பல்லைக் காட்டிக்கொண்டு துள்ளின. ஓரத்தில் ஒரு தென்னை மரம், அதற்கு மேல் கூரையிலிருந்து யாரோ தொங்கவிட்ட பிளாஸ்டிக் பூங்கொடி.

இண்டூரிலிருந்து சனிக்கிழமை பஸ் மாறி மாறி வந்து இறங்கிய கனிமொழி, பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தபடி நின்றாள். தர்மனின் மூத்த மகள் அவள். இண்டூரில் வாக்கப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். தினமும் நூற்றைம்பது பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கிற வாய் என்பதால், அந்த வாய்க்குக் கொஞ்சம் நீளம் அதிகம் என்று ஊரில் பேச்சு.

"என்னாப்பா இது?"

"டால்பினு" என்றார் தர்மன், சந்தையில் பிடித்து வந்த கறவை மாட்டைக் காட்டுகிறவர் மாதிரி.

"அது தெரியுது. மாரண்டஹள்ளிக்கு என்னாத்துக்கு வந்துச்சுன்னு கேக்கறேன்."

"நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வர்றாங்கல்ல? அவங்களுக்குத்தான்."

கனிமொழியின் தம்பி பூவரசனுக்கு வயது முப்பத்தைந்து. இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கூடு நல்ல விலைக்குப் போகிறது. ஆனாலும் பதினோரு இடம் தட்டிப்போய்விட்டது. பட்டுப்புடவை இல்லாமல் கல்யாணம் செய்யமாட்டார்கள், பட்டுப்புழு வளர்க்கிறவனுக்குப் பெண் மட்டும் கொடுக்கமாட்டார்கள். அப்படி இருக்கிறது இந்த ஜில்லாவின் நியாயம் என்று கனிமொழி வாய்விட்டே சொல்வாள். பதினோராவதாக வந்துபோன பென்னாகரத்துக்காரர்கள் மட்டும் போகும்போது தரகரிடம் காரணம் சொன்னார்கள். "பாத்ரூம் புடிக்கலயாம்ங்க" என்றார் தரகர். என்ன பிடிக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

தர்மன் தாமாகவே போய்க் குளியலறைக்கு நடுவில் நின்று யோசித்தார். எதிரே வெறும் சிமென்ட் பூச்சுச் சுவர் தெரிந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். ஓசூரில் இருக்கும் அக்கா மகன் கோவிந்தன் போனிலேயே தூபம் போட்டான். "மூணு செவுரு எப்பிடியோ இருக்கட்டும் மாமா. உள்ள நொழஞ்சதும் தெரியற ஒரு செவுத்த மட்டும் ஹைலைட் பண்ணிருங்க. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க." மற்ற மூன்று சுவரும் எப்படியோ இருக்கட்டும் என்கிற பகுதியையும் தர்மன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்.

டைல்ஸ் ஒட்டும் ஜமீர் பாப்பாரப்பட்டிக்காரர். கடைசி இணைப்புகளில் வெள்ளைச் சிமென்ட் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பதினெட்டு டைல்ஸையும் மயிரிழை பிசகாமல் சேர்த்திருந்தார். அந்த மனுஷனின் கை நேர்த்திக்கு இப்படி ஒரு படமா வாய்க்க வேண்டும் என்று கனிமொழிக்கு இரக்கமாக இருந்தது.

"அண்ணே, துணி மாட்ட எடம் எங்கண்ணே?"

"நானும் கேட்டேங்க. ஸ்டாண்டு வெக்கணும்னா ரெண்டு ஓட்ட போடணும்னேன். மீனு மேல ஓட்ட போடாதேன்னுட்டாரு."

"சோப்பு வெக்க?"

"அது ஜன்னல்லயே கெடக்கட்டும்ன்னாருங்க."

"கொண்டையில தாழம்பூ, உள்ள ஈரும் பேனும்" என்றாள் கனிமொழி. ஜமீர் சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தர்மனுக்கு அது காதிலேயே விழவில்லை. ஸ்விட்சைத் தட்டினார். எங்கிருந்தோ நீல வெளிச்சம் பரவி, மூன்று பேர் முகமும் விஷம் குடித்தவர்கள் முகம் மாதிரி ஆனது.

"எப்பிடி? கடலுக்குள்ளாற நிக்கற மாதிரி இல்ல?"

"முழுகற மாதிரி இருக்குதுப்பா."

சாயங்காலம் புழுக் கொட்டகையில் இலை போட்டுக்கொண்டிருந்த தம்பியிடம் போய் நின்றாள். அவனையும் இரண்டு வார்த்தை கேட்கலாம் என்றுதான் போனாள். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, அந்தப் பொண்ணு மணிமேகலைகிட்ட ரெண்டு வாரமா போன்ல பேசறேன். கல்யாணமானா இங்கருந்தே ஓசூர் கம்பெனிக்கு பஸ்ல வேலைக்குப் போயிக்கறேங்குது. நான் புழு நாலாவது தடவ தோலுரிக்கறதப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டேன். அப்பக்கூட போன வெக்கலக்கா."

இதைச் சொல்லும்போது அவன் காது சிவந்துபோயிருந்தது. கனிமொழி நாக்கு நுனிவரை வந்த கேலியை விழுங்கினாள். தரகர் வேறு, இதுவும் தட்டிப்போனால் இனி என்னால் இடம் கொண்டுவர முடியாது என்று கையை விரித்திருந்தார். இந்தப் பெண்ணை விட்டால் தம்பி புழுவோடு பேசித்தான் கிழவனாகவேண்டும். டால்பின் இல்லை, திமிங்கலத்தையே ஒட்டினாலும் சரி, இந்த இடம் அமைந்தால் போதும் என்று அன்றைக்கு அவள் மாரியம்மனுக்கு ஒரு விளக்குகூட நேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேன் வந்தது. பெண்ணின் அப்பா தமிழ்ச்செல்வன், அம்மா, நாலைந்து சொந்தக்காரர்கள், கூடவே மணிமேகலையும் வந்திருந்தாள். பெண்ணே வீடு பார்க்க வருவதா என்று தரகர் முனகினார். கனிமொழிக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அவளைப் பிடித்துப்போனது. மாட்டையும் காட்டையும் பார்க்க ஏழு பேர் போகலாமாம், வாழப்போகிறவள் மட்டும் போகக்கூடாதாம்.

பூவரசன் காபி கொடுக்கும்போது தம்ளர் ஆடியது. மணிமேகலை அதைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். கனிமொழி பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்தது மாதிரிதான் இருந்தது. தர்மனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கேசரியைக்கூட அவர்கள் வாயில் போட விடாமல், "சாப்புட்டுட்டு வாங்க, வூட்ட சுத்திக் காட்டறேன், பாத்ரூமு புதுசா பண்ணியிருக்குது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மணிமேகலை மெதுவாகக் கனிமொழியின் பக்கத்தில் வந்தாள். "அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போகணும். வேன்ல ரொம்ப நேரம் வந்தோம்."

கனிமொழி அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் நீல விளக்கைத் தட்டிவிட்டாள். பெண் உள்ளே போனாள். கதவு மூடியது. திரும்பத் திறந்தது.

"அக்கா, தாப்பா எங்க இருக்குது?"

"தாப்பா இல்லம்மா. அந்தப் பக்கெட்டு நெறைய தண்ணி புடிச்சு கதவுக்கு முட்டுக் குடுத்துக்க. அப்பறம் தொறக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது கனிமொழியின் காதில் விழுந்தது.

கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள் இருந்தன. அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கழன்று விழுந்தது அது. அடுத்த வருஷம் அம்மா செத்துப்போனாள். அதற்குப் பிறகு ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள். "வூட்ல நாம மூணு பேருதான இருக்கறோம், அன்னிய ஆளா வரப்போறாங்க?" என்று சிரித்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. பக்கெட்டை முட்டுக் கொடுத்தாள், பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தாள், கல்யாணமாகிப் பொங்கலுக்கு வந்தபோதும் அதையேதான் செய்தாள். நேற்று வந்ததிலிருந்து சோப்பு டப்பாவுக்கும் துணி மாட்டுகிற கம்பிக்கும் வக்காலத்து வாங்கிய இந்த வாய்க்காரி, இன்றைக்குக் காலையில்கூடப் பக்கெட்டை வைத்துவிட்டுத்தான் குளித்தாள். அப்பாவுக்குச் சுவர் மட்டும் தெரிந்தது என்று சிரித்தவளுக்குக் கதவு தெரியவில்லை. வரப்போகிற பெண்ணுக்குத் தான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் பக்கெட்டு முட்டுக் கொடுப்பது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீ போம்மா. நான் வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கறேன்."

வெளிப்பக்கக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் தர்மன் தமிழ்ச்செல்வனையும் தரகரையும் இன்னும் இரண்டு ஆண்களையும் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசியில் பூவரசன்.

"தள்ளு கனி, செவுத்தக் காட்டிட்டுப் போயிடறேன்."

"செத்த இருங்கப்பா."

"லைட்டெல்லாம் எரிஞ்சுட்டுத்தான இருக்குது? தள்ளும்மா, ஒரே நிமிசம்." கதவில் கையை வைத்துத் தள்ளினார். கதவு இரண்டு விரல் உள்ளே போனது. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கனிமொழி மொத்த பலத்தையும் கொடுத்துக் கைப்பிடியை வெளியே இழுத்தாள்.

"கைய எடுங்கப்பா! உள்ள பொண்ணு இருக்குது!"

"இருந்தா தாப்பா போட்டிருக்கும்ல?"

"இந்தக் கதவுக்கு ஏது தாப்பா? இப்ப நாந்தான் தாப்பா. புழு ஷெட்டுக்கு ஈ போகாம ரெண்டு கதவு, வலை, பூட்டு. மனுசி குளிக்கற எடத்துக்கு ஒரு தாப்பா இல்ல. மீனு ரெண்டு ஒட்டியிருக்கறீங்க, அதுங்க வேற பாத்துக்கிட்டு நிக்கட்டும்னு!"

தரகர் தலையைச் சொறிந்துகொண்டு, "பென்னாகரத்துப் பொம்பளைங்களும் இதத்தான் சொல்லியிருப்பாங்க போலருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கதவு திறந்து மணிமேகலை வந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராகப் பூவரசனைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு இது தெரியாதாங்க?"

பூவரசன் பொய் சொல்லத் தெரியாதவன். அதுதான் அவனிடம் நல்ல குணம், அதுதான் அன்றைக்கு அவனைக் கவிழ்த்தது. "கவனிக்கலீங்க. எனக்குத் தேவைப்படல."

"அக்கா இந்த வூட்லதான வளந்தாங்க?"

"ஆமாங்க" என்றான். சொன்ன பிறகு அக்காவைப் பார்த்தான். தம்பியின் முகத்தை அதுவரை கனிமொழி அப்படிப் பார்த்ததில்லை.

மணிமேகலை தலையை ஆட்டிக்கொண்டாள். கனிமொழியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு முன்பக்கம் போனாள். தமிழ்ச்செல்வன் சுவரைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் மரியாதையாகவே கிளம்பினார்கள், கேசரி நல்லா இருந்துச்சு என்றுகூடச் சொன்னார்கள். வேன் ராயக்கோட்டை போய்ச் சேர்ந்திருக்காது, தரகர் போன் வந்துவிட்டது. பொண்ணு வேண்டாம்னுட்டுதுங்க, பையன் மேல ஒரு குத்தமும் சொல்லல, ஆனா வேண்டாம்னுட்டுது.

தர்மன் போனை வைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனார். நீல வெளிச்சத்தில் நெடுநேரம் நின்றார். இப்போதாவது கதவைப் பார்ப்பார் என்று கனிமொழி காத்திருந்தாள். வெளியே வந்து தொண்டையைச் செருமினார்.

"கோவிந்தன் அப்பவே சொன்னான், ஏழு குதிரை ஓடற மாதிரி ஒரு படம் இருக்குதுன்னு. அதுதான் ராசியாம். நான்தான் மீனு போதும்னுட்டேன்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். கனிமொழி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒட்டுங்கப்பா. குதிரை ஒட்டுங்க, யானை ஒட்டுங்க, காடே ஒட்டுங்க. பதிமூணாவது பொண்ணு வரும்போது எனக்கு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. கதவ நீங்களே புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

"இப்ப என்னா சொல்லிட்டேன்னு இவ்வளவு கோவம்?" என்றார் தர்மன். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

பூவரசன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறுக்கா" என்றான். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பாலக்கோடு பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அவன் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"நீ சின்னப் பையன்டா அப்ப. அப்பறம் எனக்கே மறந்துபோச்சு."

"அவ வந்த அஞ்சு நிமிசத்துல கேட்டாக்கா."

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் கனிமொழி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது.

"எனக்கு அவள ரொம்பப் புடிச்சிருந்துச்சுக்கா" என்றான் பூவரசன்.

"எனக்கும்தான்டா" என்றாள் கனிமொழி. "அதான், நம்ம வூட்டுக்கு வராம போனாளேன்னு சந்தோசமா இருக்குது."