லெப்டினன்ட் டில்லர்டின் வாய்

ராணுவ நீதிமன்றம் லெப்டினன்ட் ஆம்ப்ரோஸ் டில்லர்டின் பதவிப் பட்டைகளைப் பிய்த்தெறிந்த நாளிலிருந்து அவர் வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. பின்வாங்கச் சொல்லும் எக்காளம்தான் வந்தது. ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாச்சிப் பழங்குடியினரின் குடிசைகள்மேல் பாயாமல் படையைத் திருப்பிக்கொண்டு வந்தது அவர் குற்றம். கோழை என்று தீர்ப்பானது. அந்த எக்காளத்தைக் கேட்டால் குதிரையானாலும் சிப்பாயானாலும் முகம் திருப்பி நடையைக் கட்டிவிடும். அதனால் அரிசோனாவில் எங்கள் கசப்பூற்று ஊருக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு, விதவை லவீனியா கிராப்பின் சாப்பாட்டுக்கடையில் ஆறு வருஷம் தண்ணீர்ப் பீப்பாய் உருட்டினார்.

"என்ன தொரை, இன்னைக்கு எந்தப் பக்கமா ஓட்டம்?" என்று லாடம் அடிக்கிற ஜூபல் தினமும் கேட்பான்.

"சண்டைன்னதும் கட்டிலுக்கடியில கெடந்த ஆளு நீ. பேசாம தட்டுல இருக்குற அவரைக்காயத் தின்னு" என்பாள் லவீனியா.

1880 கோடையில் கர்னல் ஸ்டாக்பிரிட்ஜ் அந்தக் குடிசைகளைத் தாக்க இருநூறு குதிரைவீரர்களோடு வந்தார். அங்கே போக வழி தெரிந்தவர் டில்லர்டு ஒருவர்தான். "கூட்டிட்டுப் போய்யா. பதவி, மரியாதை எல்லாம் திரும்பக் கெடைக்கும்" என்றார் கர்னல். டில்லர்டின் வாயைப் பற்றி ஊர்க்காரர்கள் எச்சரித்ததைக் கர்னல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டில்லர்டு தலையாட்டினார். ஆறு வருஷமாய் அவர் கண்ட கனவு அது ஒன்றுதான். அன்று லவீனியா அவருக்குத் தட்டு வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு தெரிந்தது. பெண்கள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். கர்னல் வாளை உருவி, "பாயச் சொல்லி நீயே உத்தரவு போடு. உன் கறை போகட்டும்" என்றார். டில்லர்டு தண்ணீர் மொள்ளும் பெண்களைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, நெஞ்சு காலியாகும்வரை கத்தினார்.

இருநூறு குதிரைகளும் ஒன்றாய்த் திரும்பின. புறப்பட்டு வந்த படைக்கோட்டையைத் தாண்டியும் நிற்கவில்லை. முன்னால் போனது கர்னலின் குதிரை. டில்லர்டின் குதிரையும் அவரைக் கீழே தள்ளிவிட்டுக் கூடவே போயிற்று. பட்டாளம் ஓடியது என்று மேலிடத்துக்கு எழுத முடியாதல்லவா? 'எதிர்த்திசையில் வெற்றிகரமான முன்னேற்றம்' என்று எழுதினார்கள், கர்னல் ஜெனரலானார். டில்லர்டின் பெயர் எதிலும் இல்லை. குடிசைக்காரர்கள் சோளத்தை அறுத்துக்கொண்டு நிதானமாக மலையேறிவிட்டார்கள்.

ஐந்து நாள் நடந்து ஊர் சேர்ந்தவருக்கு லவீனியா இரண்டு தட்டு வைத்தாள். அக்டோபரில் கல்யாணம். சம்மதமா என்று பாதிரியார் கேட்க, மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் வெளியே கட்டியிருந்த குதிரைகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு மேற்கே போயின. பாதிரியார் அதைச் சம்மதம் என்றே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டு நடந்து வீடு போனார்கள்.