முதுகுக்குப் பின்னால் பேசியது

ஊமைப்படத்துக்குக் குரல் கொடுக்க மேவிஸைப் பிடித்துப் போட்டது டாரன்தான். பிராக்கன் நெசவாலை அருங்காட்சியகமான நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். முப்பது வயது, மார்பு வரை தாடி, தறி முன்னால் ஒரு நாள் நின்று கூலி வாங்கியதில்லை. ஆனால் முப்பத்தோரு வருடம் நெய்தவளுக்கே தறியைப் பற்றிப் பாடம் எடுப்பான். மேவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வாள்.

“முதலாளி பையன் அறுபத்தொண்ணுல எடுத்த படம் மேவிஸ்ம்மா. அவங்க வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. எட்டு நிமிஷம். எல்லாரும் வாய வாய அசைக்கிறாங்க, ஒரு எழவும் புரியல. நீங்க அவங்க உதட்டப் படிச்சு மைக்ல சொன்னா சனிக்கிழமை கூட்டம் அள்ளும்.”

“மொதல்ல நான் ஒரு தடவ பாத்துக்கறேனே.”

“வேணாம் வேணாம். அங்கயே பாத்து அங்கயே சொன்னாத்தான் களை கட்டும்.”

நானூறு தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஹார்ல்ஷா ஊர்ப் பெண்கள் பேசியது ‘மீமா’ பேச்சு. சத்தமே இல்லாமல், வாயை அகலத் திறந்து, உதட்டை இழுத்துக் குவித்துப் பேசுவது. யாருக்கு எத்தனை மாதம், யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் இருபது தறி தாண்டி நொடியில் போய்ச் சேரும். ஒரே ஒரு விதிதான்: முகம் தெரியவேண்டும். முதுகு காட்டி நிற்கிறவள் செவிடு. யாரைப் பற்றி வம்பு பேச வேண்டுமோ அவள் திரும்பும்வரை காத்திருந்தால் போதும்.

மேவிஸ் சம்மதித்த கையோடு டாரன் ஒரு பட்டியலையும் நீட்டினான். ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களின் பெயர்களை மரப்பலகையில் பொறித்து நுழைவாயிலில் மாட்டப்போகிறார்களாம். அதில் மேவிஸின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. அம்மா பெர்த்தா, நெசவு. அண்ணன் கிளிஃப், பாய்லர். மேவிஸ் பேனாவை வாங்கி அண்ணன் பெயரைத் தாள் கிழியும்படி அடித்தாள்.

“ஏன்மா?”

“கவர்மென்ட் குடுத்த பத்து பவுண்டு டிக்கெட்டுல கப்பலேறி ஆஸ்திரேலியா போனவன். போய் ஒரு வரி எழுதல. எங்கம்மா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வாசலயே பாத்துட்டு உக்காந்திருக்கும். ‘உங்கண்ணன் நம்மள மறந்துட்டான்டி’ன்னு அழும். நான்தான் இந்தக் கையால கண்ணத் தொடச்சு விட்டேன்.”

“அப்புறம் வரவே இல்லையா?”

“வந்தான். எம்பத்தெட்டுல. அம்மா செத்து ஒம்பது வருஷம் கழிச்சு, பூவத் தூக்கிட்டு. மூஞ்சில அறைஞ்ச மாதிரி கதவச் சாத்தினேன்.” இதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், எப்போதும் கொஞ்சம் பெருமையோடுதான். “விடல அவன். ஜன்னல் பக்கம் வந்து நின்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மீமா பேசறான். ‘எழுதினேனே, மாசாமாசம் எழுதினேனே’ங்கறான். புளுகன்! திரைச்சீலைய இழுத்து விட்டுட்டேன். ரெண்டு வருஷத்துல அங்கயே செத்தும் போய்ட்டான்.”

டாரன் பலகையிலிருந்து கிளிஃபை எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் பழைய தறிக்கூடத்தில் எண்பது பேர் கூடிவிட்டார்கள். உருளைக்கிழங்கு பை, வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ், பெரிய கெட்டிலில் தேநீர். முன்வரிசையில் நோரா, மடியில் புதினா மிட்டாய்ப் பொட்டலத்தோடு. வயது எண்பது. அல்மா தெருவில் மேவிஸின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர், அறுபது வருடமாக. மேவிஸின் கணவன் இறந்தபோது துணைக்கு இரண்டு வாரம் மேவிஸ் வீட்டுச் சோபாவிலேயே படுத்துக் கிடந்தவள் நோரா. மூன்றாம் வரிசையில் பழைய நெசவுக்காரிகள் இன்னும் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“மைக்க முழுங்கிடாதடி,” என்று நோரா கத்தினாள். கூடம் சிரித்தது.

விளக்கு அணைந்தது. கறுப்பு வெள்ளையில் தறிகள் ஓடின, சத்தமே இல்லாமல். அதைப் பார்க்கவே மேவிஸுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் திரையில் நடந்து வந்தார்.

“இது மேஸ்திரி எர்னஸ்ட். பின்னாடி நிக்கறவ சொல்றா: ‘வந்துட்டான் பாரு. தறி ஓடினா தூங்குவான், நின்னா நம்மளத் திட்டுவான்.’”

கூடம் குலுங்கியது. அடுத்து, எதையோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் ஒரு பெண்.

“‘ஐயையோ, கேமராவ இந்தப் பக்கம் திருப்பாதீங்க, பல்செட்ட வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்’ங்கறா. இருபத்தோரு வயசுதான் அவளுக்கு. எல்லாப் பல்லயும் புடுங்கி பிறந்தநாள் பரிசா செட்டு வாங்கிக் குடுத்திருந்தாங்க.”

மேவிஸுக்குச் சூடு பிடித்துவிட்டது. உதடு அசைந்தால் சொல் தானாக வந்து விழுந்தது, முப்பது வருடம் சும்மா இருந்த கை நூல் முடிச்சை மறக்காமல் போடுவதுபோல. டாரன் ஓரமாக நின்று இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினான்.

திரையில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் தறிமேல் குனிந்திருந்தாள். தலையில் துணி, முன்னால் ஒரு சுருள் முடி.

“அட, நான்தான்! பாத்துக்கோங்க, அப்ப எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு.”

அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், இரண்டு தறி தள்ளி, இரண்டு பேர் நின்றிருந்தார்கள். “அதோ எங்கம்மா. பக்கத்துல நிக்கற ஒல்லிக்குச்சி யாரு தெரியுதா? முன்வரிசைல உக்காந்து மிட்டாய் தின்னுட்டு இருக்கே, அதுதான்.” கைதட்டல். திரையில் நோரா ஏப்ரன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். ஓரமெல்லாம் சாய்வுக் கோடு போட்ட வான்தபால் உறை.

“நோரா சொல்றா: ‘அப்பா குடுத்து விட்டாரு. இன்னொண்ணு வந்திருக்கு.’ இவ அப்பாதான் எங்க தெருவுக்குத் தபால்காரர். அம்மா சொல்லுது: ‘சீக்கிரம் குடுடி, அவ திரும்பிறப் போறா.’”

காதல் கடிதம் என்று நினைத்து யாரோ விசிலடித்தார்கள். மேவிஸும் சிரித்தாள். வாய் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, புத்தி பின்னால் வந்துகொண்டிருந்தது.

“நோரா சொல்றா: ‘கிளிஃப் பாவம், இது ஏழாவது. இத ஒண்ணயாவது மேவிஸுக்குக் குடுங்களேன்.’ அம்மா சொல்லுது: ‘குடுத்தா அவளும் கப்பலேறிடுவா. அப்புறம் எனக்கு யாரு? மத்தது போன மாதிரி இதுவும் பாய்லருக்கே போகட்டும்.’”

திரையில் அம்மா உறையை ரவிக்கைக்குள் செருகினாள். அந்தச் சமயம் பார்த்து பதினெட்டு வயது மேவிஸ் திரும்பினாள். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வாயசைத்தாள்.

“‘என்னடி கண்ணு, நூலு அறுந்துடுச்சா?’” என்று மேவிஸின் வாய் அதையும் மைக்கில் சொல்லி முடித்தது.

பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

படம் பாட்டுக்கு ஓடியது, ஆலை வாசல், சைக்கிள்கள், தொப்பிகள். மேவிஸின் மூச்சு மட்டும் மைக் வழியாகக் கூடம் முழுவதும் கேட்டது. டாரன் இரண்டு தடவை கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான். விளக்கு எரிந்தது.

நோராவின் மடியிலிருந்து மிட்டாய்ப் பொட்டலம் கீழே விழுந்து சிதறிக் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. மேவிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடுகள் அகல விரிந்து, இழுபட்டுக் குவிந்தன.

‘உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்டி.’

மேவிஸ் மைக்கைக் கீழே இறக்கினாள். அவளும் சத்தமில்லாமல் உதட்டால்தான் கேட்டாள். ‘அவன் எங்க வீட்டு ஜன்னல்ல நின்னப்ப நீ உங்க வீட்டுப் படியத் தேச்சுட்டு இருந்தே.’

‘ஆமா.’

‘அவன் சொன்னதப் படிச்சே.’

‘படிச்சேன்.’

‘அம்மா செத்து ஒம்பது வருஷம் ஆயிருந்துச்சு. யாருக்குடி பயந்தே?’

‘உனக்குத்தான். தெரிஞ்சா என் மூஞ்சிலயும் நீ கதவச் சாத்திடுவியோன்னு.’

எழுபத்து நான்கு பேருக்கு இரண்டு கிழவிகள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவது மட்டுமே தெரிந்தது. மூன்றாம் வரிசையில் ஐந்து பேருக்கு எல்லாம் தெரிந்தது. ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டாள், இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று.

மேவிஸுக்கு ஜன்னல் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதற்கு அந்தப் பக்கம் நரைத்த தலை, கையில் பூங்கொத்து, ஆலைக்காரி பெற்ற பிள்ளையின் தெளிவான உதடுகள். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அவள் படித்திருந்தாள். படித்துவிட்டுத்தான் திரைச்சீலையை இழுத்தாள்.

‘என்ன எழுதியிருந்தான்?’ என்று கேட்டாள். அது ஒன்றாவது கிடைக்கட்டும்.

நோரா தலையை ஆட்டினாள். ‘தெரியாது. மொதல் லெட்டர மட்டும் உங்கம்மா பிரிச்சாங்க. டிக்கெட்டு அனுப்பறேன், மேவிஸ அனுப்புன்னு இருந்துச்சாம். அதுக்கப்புறம் பதினோரு வருஷம் வந்துச்சு. ஒண்ணயும் யாரும் பிரிக்கல. அப்படியே நெருப்புல போட்டாங்க.’

“மேவிஸ்ம்மா,” என்று டாரன் மெதுவாக அருகில் வந்தான். “அவங்க என்ன சொல்றாங்க?”

“திருப்பிப் போடு.”

“எத?”

“படத்தடா. திருப்பிப் போடு.”

டாரன் போய்ப் போட்டான். யாரும் விளக்கை அணைக்கவில்லை, வெளிறிய திரையில் தறிகள் ஓடின. மேஸ்திரி எர்னஸ்ட் வந்தார், போனார். பல்லில்லாத பெண் ஓடினாள். இந்தத் தடவை யாருக்கும் குரல் இல்லை. சிரிப்பும் இல்லை. தறிமேல் குனிந்த பெண் வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நோராவின் கை ஏப்ரன் பைக்குள் போனது.

மேவிஸ் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

“திரும்புடி,” என்றாள்.

உறை வெளியே வந்தது. அம்மாவின் கை அதை நோக்கி நீண்டது.

“திரும்புடி! ஏய், திரும்பிப் பாருடி!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். பழைய கூரையெல்லாம் அதிர்ந்தது.

திரையில் அந்தப் பெண் திரும்பினாள். அதற்குள் உறை ரவிக்கைக்குள் போய்விட்டிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டு நூல் அறுந்துவிட்டதா என்று கேட்டாள்.